முத்துசுவாமி தீட்சிதர்: வாழ்வும் இசைக்காலப் பகுப்பும்

முன்னுரை

கருநாடக இசை மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) தம் கிருதிகளில் ஆண்டைக் குறிக்கவில்லை. பலவற்றில் தலத்தின் பெயரையும் இராகத்தின் பெயரையும் பதித்துள்ளார். ஆகவே அவர்தம் இசைவாழ்வு மணலி, காசி, திருத்தணி, காஞ்சி, திருவாரூர், தஞ்சாவூர், எட்டயபுரம் எனத் தலவழியே பகுக்கப்படுகிறது. கிருதி சுட்டும் தலம் அதன் இசைக்கூறு உருவான காலத்தையும் உணர்த்துமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

வாழ்க்கைச் செய்திகளுக்கு முதன்மை ஆதாரம், சுப்பராம தீட்சிதர் 1904-இல் தெலுங்கு எழுத்தில் வெளியிட்ட சங்கீத சம்பிரதாய ப்ரதர்சினி என்னும் நூலாகும். தீட்சிதரின் தம்பி பாலுசுவாமியின் மகள்வழிப் பேரரான அவர், தீட்சிதர் மறைந்து நான்காண்டுகளுக்குப் பின் 1839-இல் பிறந்தவர். எனவே அச்செய்திகள் குடும்ப மரபாகவே கொள்ளத்தக்கன.

மணலியும் நோட்டுஸ்வரங்களும்

திருவாரூரில் இராமசுவாமி தீட்சிதருக்கு மூத்த மகனாகப் பிறந்த முத்துசுவாமி, இளமையிலேயே வடமொழியும் இசையும் தந்தையிடம் கற்றார். முத்துக்கிருஷ்ண முதலியாரின் ஆதரவில் குடும்பம் சென்னையை அடுத்த மணலிக்குக் குடிபெயர்ந்தது. அவர் மகன் வேங்கடகிருஷ்ண முதலியார் கிழக்கிந்தியக் கும்பினியில் துபாஷியாக விளங்கினார். அத்தொடர்பால் தீட்சிதர் உடன்பிறந்தார் கோட்டையில் ஆங்கிலேயரின் வாத்திய இசையைக் கேட்டனர். பாலுசுவாமி வயலின் பயின்றதும், மேனாட்டு மெட்டுகளுக்குத் தீட்சிதர் வடமொழிச் சாகித்தியம் இயற்றியதும் இதன் விளைவுகளே. நோட்டுஸ்வர சாகித்தியங்கள் எனப்படும் இவை சங்கராபரணச் சுர வரிசையில் அமைந்தவை.

காசி முதல் திருத்தணி வரை

சிதம்பரநாத யோகி தீட்சிதரைக் காசிக்கு அழைத்துச் சென்று ஸ்ரீவித்யா நெறியில் பயிற்றினார். அங்கு வாழ்ந்த ஆண்டுகளில் அவர் இந்துஸ்தானி இசையையும் அறிந்தார். திரும்பியபின் திருத்தணியில் முருகன் அருளால் மாயாமாளவகௌளையில் முதற்கிருதி இயற்றினார் என்றும், குருகுஹ முத்திரை அங்கேயே தோன்றியது என்றும் மரபு கூறுகிறது.

இம்மரபை நோட்டுஸ்வரங்களோடு ஒப்பிடும்போது ஒரு முரண் வெளிப்படுகிறது. மெட்டால் மணலிக் காலத்தவையாகக் கருதப்படும் அவற்றுள் சிலவற்றிலும் குருகுஹ முத்திரை உண்டு. ஒன்று காஞ்சி ஏகாம்பரநாதரைப் பாடுகிறது. முத்திரை திருத்தணியில் பிறந்தது எனின், முத்திரையுடைய சாகித்தியங்கள் பிற்காலத்தன ஆதல் வேண்டும். அவை மணலியிலேயே இயற்றப்பட்டன எனின், முத்திரை பற்றிய மரபு நிலைபெறாது. மெட்டு முற்பட்டது, சாகித்தியம் பிற்பட்டது எனக் கொள்வதே இரண்டையும் இணைக்கும் வழி.

காஞ்சி முதல் எட்டயபுரம் வரை

காஞ்சியில் சில ஆண்டுகள் தங்கியபின் தீட்சிதர் திருவாரூர் திரும்பினார். கமலாம்பா நவாவரணம், தியாகராசர் மீதும் நீலோத்பலாம்பாள் மீதும் அமைந்த வேற்றுமைக் கிருதிகள் முதலிய பெருந்தொகுதிகள் அத்தலத்தைச் சார்ந்தவை. பின்னர்த் தஞ்சையில் பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய நால்வருக்கும் இசை கற்பித்தார். இறுதியாக, பாலுசுவாமி அரசவைக் கலைஞராக இருந்த எட்டயபுரம் சென்று, 1835-இல் தீபாவளி நாளில் மறைந்தார்.

இக்கட்டத்துக் கிருதிகளிலும் முற்கால இசைப்பயிற்சி தொடர்கிறது. பஞ்சபூதத் தலக் கிருதிகளுள் திருவானைக்காவுக்குரியது யமுனாகல்யாணியில் அமைந்துள்ளது. பாடற்பொருள் காவிரிக்கரைத் தலம். இராகமோ வடநாட்டுத் தொடர்புடையது. விளம்பகாலத்தில் இராகத்தை விரிக்கும் அவர்தம் நடையில் துருபத் இசையின் சாயலை ஆய்வாளர் காண்பதும் இதனோடு பொருந்துகிறது. காசியில் பெற்றது காசியோடு முடியவில்லை.

முடிவுரை

தலப்பகுப்பு தீட்சிதரின் யாத்திரையை அறியத் துணைபுரியும். இசை வளர்ச்சியை அளக்க அது மட்டும் போதாது. நோட்டுஸ்வரங்களும் திருவானைக்காக் கிருதியும் மெட்டின் மூலமும் சாகித்தியத்தின் களமும் வெவ்வேறு வாழ்க்கைக் கட்டங்களைச் சாரக்கூடும் என்பதைக் காட்டுகின்றன. ஆகவே கிருதிகளைக் காலவரிசைப்படுத்துவோர் இசைக்கூறு, சாகித்தியம், முத்திரை ஆகிய மூன்றையும் தனித்தனியே ஆராய்ந்த பின்னரே முடிவு கூறுதல் தகும். அவ்வாறு நோக்கின், மணலிக் காலம் இளமை விளையாட்டாக ஒதுக்கத்தக்கதன்று. இறுதிவரை தொடர்ந்த ஓர் இசைமுறையின் தொடக்கமாகவே அது கொள்ளத்தக்கது.