பிள்ளை திரும்பாத வீடு

ஜப்பானியக் கவிஞர் கி நோ சுராயுகி இறந்து ஆயிரம் வருடங்களுக்கு மேலாகிவிட்டது. அவரைப் பற்றி எழுதுபவர்கள் 905ஆம் ஆண்டிலிருந்துதான் தொடங்குவார்கள். பேரரசர் தைகோவின் கட்டளைப்படி ஏறக்குறைய 1,100 கவிதைகளைக் கொண்ட கொகின்ஷூ தொகுப்பை உருவாக்கிய நால்வரில் அவர் முதன்மையானவர். அரசவைக் கவிஞர், பெரிய பெயர். ஆனால் என் மனதில் நிற்பவர், முப்பது வருடங்கள் கழித்துப் பாழடைந்த தன் வீட்டு வாசலில் நின்ற தகப்பன்.

930இல் அவர் ஷிகோகு தீவின் தென்கரையிலுள்ள தோசா மாகாணத்துக்கு ஆளுநராக அனுப்பப்பட்டார். தலைநகர் கியோத்தோவில் பிறந்த பெண்பிள்ளை ஒன்றும் உடன் போனது. அங்கேயே அது திடீரெனச் செத்துப்போனது. பின்னாளில் அவர் எழுதிய தோசா நாட்குறிப்பில் பிள்ளையின் பெயர் இல்லை, வயதும் இல்லை.

பதவிக்காலம் முடிந்து 934ஆம் ஆண்டு பன்னிரண்டாம் மாதம் புறப்பட்டார்கள். கரையோரமாகப் படகில் 55 நாள் பயணம். காற்றும் அலையும் அடங்கும்வரை துறைகளில் நாட்கணக்காகக் காத்துக் கிடந்தார்கள். கடற்கொள்ளையர் பழிவாங்க வருகிறார்கள் என்ற பயம் வேறு. படகில் எல்லோருக்கும் ஊர் போகிற சந்தோஷம். இவர்களுக்கு மட்டும், கூட்டிவந்த ஒருத்தியை விட்டுப் போகிறோமே என்ற நினைப்பு. பிள்ளை இல்லை என்பதையே மறந்து, எங்கே அவள் என்று கேட்டுவிட்டுப் பிறகு உடைந்துபோவதைப் பற்றி ஒரு கவிதை அதில் வருகிறது. வைத்திருந்தால் துயரத்தை மறக்கச் செய்யும் என்று நம்பப்பட்ட ஒரு சிப்பி கடற்கரையில் கிடக்கிறது. ஒருவர் அதைப் பொறுக்க நினைக்கிறார். எனக்கு அது வேண்டாம், நினைவாவது மிஞ்சட்டும் என்கிறார் இன்னொருவர்.

இதையெல்லாம் அவர் ஒரு பெண் எழுதுவதுபோல எழுதினார். அக்காலத்து ஆண் அதிகாரிகள் நாட்குறிப்பைச் சீன எழுத்தில் எழுதினார்கள். கானா எழுத்து பெண்களின் எழுத்து எனப்பட்டது. ஏன் இந்த வேடம் என்று அறிஞர்கள் பல காரணம் சொல்வார்கள். அலுவலகக் குறிப்பு எழுதும் கையால் செத்த பிள்ளைக்காக அழ முடியவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

935, இரண்டாம் மாதம் பதினாறாம் நாள் இரவு வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். நல்ல நிலவு. அதனால் எல்லாமே தெளிவாகத் தெரிந்தது. கேள்விப்பட்டதை விட மோசமாக வீடு இடிந்து கிடந்தது. இடையில் ஒரு வேலி மட்டுமே உள்ள பக்கத்து வீட்டுக்காரர், தானே கேட்டுப் பொறுப்பெடுத்தவர். ஆள் போகும்போதெல்லாம் அவருக்குப் பொருட்கள் கொடுத்தனுப்பியிருந்தார்கள். கூட வந்தவர்களை அன்றிரவு சத்தம்போட்டு ஏசவிடவில்லை சுராயுகி. நோகத்தான் செய்தது. ஆனாலும் அந்த மனிதருக்குக் கொடுக்கவேண்டிய கைம்மாறைக் கொடுத்துவிடுவோம் என்றே எழுதுகிறார். படலை திறந்து வளவுக்குள் கால்வைத்த எவருக்கும் இந்த இடத்தை விளக்கத் தேவையில்லை.

வளவில் குளம்போல ஒரு பள்ளம், அதில் தண்ணீர். பக்கத்தில் நின்ற பைன் மரங்களில் ஒரு பகுதி இல்லை. ஐந்தாறு வருடங்களில் ஆயிரம் வருடம் கடந்ததுபோல. பழைய மரங்களுக்கிடையே, யாரும் நடாத இளங்கன்றுகள் முளைத்து நின்றன. அவர் அங்கே சொன்ன கவிதை அந்தக் கன்றுகளைப் பற்றியதுதான். இதே வீட்டில் பிறந்த பிள்ளை திரும்பி வரவில்லை. வளவிலோ சின்னக் கன்றுகள். அவ்வளவுதான் அதன் பொருள். வாசிக்கும் ஒவ்வொரு முறையும் நான் அந்த இடத்தில் நின்றுவிடுகிறேன்.

இதைச் சீக்கிரம் கிழித்துப் போடவேண்டும் என்று எழுதி நாட்குறிப்பை முடித்தார். கிழிக்கவில்லை. முந்நூறு வருடங்களுக்குப் பிறகு, 1235இல் புஜிவாரா நோ தெயிக்கா என்ற கவிஞர் அவருடைய கையெழுத்துப் பிரதியைப் பார்த்து நகலெடுத்தார். மறுவருடம் தெயிக்காவின் மகன் தமேயியும் ஒரு நகல் எடுத்தார். மூலப் பிரதி இன்று இல்லை. மகன் எழுதிய நகல் இருக்கிறது.