கரைந்தால்தான் காக்கும்

கடந்த ஆண்டு இறுதி விடுமுறையில், போர்ட்டிக்சனில் படகுக்குச் சாயம் பூச அப்பாவுக்கு உதவியாகப் போயிருந்தேன். அப்பா சிலியாவ் பக்கத்துத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். தாத்தாவும் பாட்டியும் பால்மரம் சீவியவர்கள். தோட்டம் செம்பனைக்கு மாறியதும் அப்பா கடலோரத்திற்கு வேலை தேடிப் போனார். அன்று முதல் படகுகளின் அடிப்பகுதியைச் சுரண்டிச் சாயம் பூசுவதே அவர் தொழில். தோட்டத் தமிழ்ப்பள்ளியிலும் பிறகு தேசியப் பள்ளியிலும் படித்து, இன்று பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயிலும் நான், அப்பாவின் வேலையைப் பற்றி நண்பர்களிடம் பேசியதே இல்லை.

கரையேற்றிய படகின் அடியில் கொட்டலசும் பாசியும் அப்பிக் கிடந்தன. சுரண்டி, நல்ல தண்ணீரில் கழுவி, காயவிட்டு, மணல்தாளால் தேய்த்து, செந்நிறச் சாயத்தை இரண்டு முறை பூசினோம். உற்சாகத்தில், விசிறித் தண்டில் மாட்டியிருந்த துத்தநாகக் கட்டியின்மேலும் பூசிவிட்டேன். அப்பா திட்டிவிட்டு, அதைச் சுரண்டி எடுக்க வைத்தார். கரையாத கெட்டிச் சாயம் பூசினால் அடிக்கடி இந்தப் பாடு வேண்டாமே என்றேன். கரையாத சாயத்தில்தான் சிப்பி குடியேறும் என்றார். இவருக்கு என்ன வேதியியல் தெரியும் என்று மனத்துக்குள் நினைத்துக்கொண்டேன்.

வளாகம் திரும்பிய பிறகு சர் ஹம்ப்ரி டேவியின் வாழ்க்கையைப் படித்தேன். வெட்கமாக இருந்தது. நண்பர்களே, அந்த வாழ்க்கையை உங்களிடமும் சொல்ல வேண்டும்.

டேவி 1778 டிசம்பர் 17ஆம் நாள் இங்கிலாந்தின் பென்சான்ஸ் என்னும் கடலோர ஊரில் பிறந்தார். தந்தை மரச்சிற்பி. 1794இல் கடனை விட்டுவிட்டு அவர் மறைந்தார். ஐந்து பிள்ளைகளில் மூத்தவரான டேவி, மறு ஆண்டே ஒரு மருத்துவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். பல்கலைக்கழகத்தில் படிக்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவே இல்லை. வேதியியலைத் தாமே கற்றார்.

1798இல் பிரிஸ்டல் நகருக்குச் சென்று, சிரிப்பூட்டும் வாயுவைத் தாமே முகர்ந்து ஆராய்ந்தார். 1801இல் லண்டன் ராயல் நிலையத்தில் சேர்ந்தார். 1807இல் மின்சாரத்தைக் கொண்டு பொட்டாசியத்தையும் சோடியத்தையும் பிரித்தெடுத்தார். 1813இல், கொல்லர் மகனும் புத்தகம் கட்டும் தொழில் பழகியவருமான மைக்கேல் ஃபாரடேயைத் தம் உதவியாளராக்கினார். 1815இல் சுரங்கத் தொழிலாளர் உயிர் காக்கும் விளக்கை உருவாக்கினார். அதற்குக் காப்புரிமை பெற மறுத்தார். 1820இல் ராயல் கழகத்தின் தலைவரானார்.

புகழின் உச்சியில் இருந்த அவரிடம்தான் கப்பல் வந்தது. மரத்தைத் துளைக்கும் புழுவையும் ஒட்டும் உயிரிகளையும் தடுக்க, பிரிட்டிஷ் கடற்படை 1761 முதல் கப்பலின் அடியில் செப்புத் தகடு அடித்துப் பார்த்தது. நல்ல பலன் கிடைத்தது. ஆனால் கடல்நீர் செம்பை அரித்தது. கடற்படை டேவியிடம் உதவி கேட்டது.

1824இல் அவர் வழி சொன்னார். செம்போடு சிறிதளவு துத்தநாகத்தையோ இரும்பையோ தொடுத்துவிட்டால், எளிதில் அரிபடும் அந்த உலோகம் தன்னைக் கரைத்துக்கொண்டு செம்பைக் காக்கும். சோதனைகளில் அப்படியே நடந்தது. கப்பல்களிலும் பொருத்தினார்கள்.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்களே! செம்பு அரிக்கப்படவில்லைதான்; ஆனால் அதன்மேல் பாசியும் கொட்டலசும் மண்டின. கப்பலின் வேகம் குறைந்தது. காரணம் இதுதான்: செம்பு சிறிது சிறிதாகக் கரைந்து வெளியேறும் நஞ்சே அந்த உயிரிகளை அண்டவிடாமல் செய்தது. தேய்மானத்தை நிறுத்தியதும் காவலும் நின்றது. கடற்படை சில ஆண்டுகளிலேயே அத்திட்டத்தைக் கைவிட்டது. டேவி ஏளனத்துக்கு ஆளானார். உடல்நலம் குன்றி, 1827இல் தலைவர் பதவியைத் துறந்து, 1829 மே 29ஆம் நாள் ஜெனீவாவில் காலமானார். வயது 50.

அவருடைய வேதியியல் பிழையன்று. செம்பை எப்படிக் காப்பது என்ற கேள்விக்குச் சரியான விடைதான் சொன்னார். ஆனால் கப்பலுக்குத் தேவைப்பட்டது தேயாத செம்பு அன்று, சுத்தமான அடிப்பகுதி. அதை ஆண்டாண்டாகச் சுரண்டியவனுக்கு அந்த வேறுபாடு கையிலேயே தெரிந்திருக்கும்.

பின்னர் இரும்புக் கப்பல்கள் வந்தன. செம்பைத் தொட்டால் இரும்பு அரிந்துபோகும் என்பதால், தகட்டுக்குப் பதிலாகச் செம்பைச் சாயத்தில் கலந்தார்கள். அப்பா பூசும் செந்நிறம் அந்தச் செம்பு ஆக்சைடுதான். இடையில் வந்த, அதைவிடக் கடுமையான வெள்ளீயச் சாயம், சிப்பிகளையும் கடல் நத்தைகளையும் கெடுத்ததால் 2008இல் அனைத்துலக ஒப்பந்தத்தால் தடைசெய்யப்பட்டது. டேவியின் எண்ணமும் வீணாகவில்லை. இன்று கப்பல்களையும் மண்ணடிக் குழாய்களையும் துருவிலிருந்து காப்பது அதுவே. நான் தவறிச் சாயம் பூசிய துத்தநாகக் கட்டி, டேவி விட்டுச்சென்றது. அதை மூடிவிட்டால் அது கரையாது; கரையாவிட்டால் காக்காது.

சென்ற வாரம் அப்பாவுக்குத் தொலைபேசியில் இந்தக் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, அடுத்த விடுமுறையில் இரண்டு படகுகள் இருக்கின்றன, வருகிறாயா என்று மட்டும் கேட்டார். வருகிறேன் என்றேன். அப்பாவின் தொழிலை இப்போது உங்கள் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்.