உதையை முளையிலேயே மறித்த வீரர்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் நான் வலக்கையில் கட்டுப் போட்டுக்கொண்டு, இருபது நாட்கள் பேனா பிடிக்க இயலாமல் வகுப்பில் உட்கார்ந்திருந்ததைத் தோழர்கள் மறந்திருக்கமாட்டார்கள். படியில் விழுந்துவிட்டேன் என்று அன்று எல்லோரிடமும் சொன்னேன். அது உண்மையன்று. மாலை நேரத் தற்காப்புப் பயிற்சியில், எதிரே நின்றவர் விட்ட உதையைக் கையால் தடுக்கப் போனதன் பலன் அது.

நான் பயிற்சிக்குப் போனதற்கு ஒரு காரணம் உண்டு. என் அண்ணன் ஓசூரில் ஓர் ஆலைத் தொழிலாளி. இரண்டாம் ஷிப்டு முடிந்து நள்ளிரவில் ஜூஜூவாடிப் பக்கம் நடந்து வரும்போது இருவர் அவரை மறித்தனர். ஒருவன் உதைத்துத் தள்ள, மற்றவன் கைப்பேசியையும் பணப்பையையும் பறித்தான். எல்லை தாண்டி அத்திப்பள்ளிப் பக்கம் ஓடிவிட்டார்கள். அண்ணனுக்கு ஏதேனும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று புறப்பட்டவன், கை வீங்கித் திரும்பினேன். அந்த ஓய்வு நாட்களில்தான் புரூஸ் லீயின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். திரையில் கண்ட வீரரைவிட, ஏட்டில் கண்ட மனிதர் என்னை மிகுதியும் கவர்ந்தார்.

1940ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் அவர் பிறந்தார். தந்தையார் லீ ஹோய் சுன், சீன இசை நாடக நடிகர். அந்நாட்டில் நாடகம் நடத்தச் சென்ற இடத்தில் பிறந்த பிள்ளை இவர். குழந்தைப் பருவத்திலேயே ஹாங்காங் திரும்பிய குடும்பம், ஜப்பானியர் ஆட்சியின் துயரங்களையும் கண்டது. சிறுவன் லீ படங்களில் நடித்தான். தெருச் சண்டைகளிலும் முன்னின்றான். பதின்ம வயதில் இப் மேன் என்ற ஆசானிடம் விங் சுன் என்னும் கலையைப் பயின்றான். இடுப்புக்கு மேலே காலை உயர்த்துவது அக்கலையில் அரிது. தாழ்ந்த உதையே அதன் இயல்பு. பின்னாளில் திரையில் தலைக்கு மேல் உதைத்துக் காட்டியவர், மெய்யான சண்டைக்குக் கடைசிவரை தாழ்ந்த உதையையே நம்பினார் என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.

சண்டைகள் பெருகவே, 1959இல் பெற்றோர் அவரை அமெரிக்காவுக்கு அனுப்பினர். சியாட்டில் நகரில் ஓர் உணவு விடுதியில் வேலை பார்த்துக்கொண்டே படித்தார். 1961இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, நாடகத்தோடு மெய்யியல் பாடங்களையும் கற்றார். தாம் அறிந்த கலையைப் பிறருக்குக் கற்றுத் தரவும் தொடங்கினார். நம்மைப் போல் வேலையும் படிப்புமாக அலைந்த மாணவர்தாம் அவரும்!

1964இல் ஓக்லண்ட் நகரில் வோங் ஜாக் மேன் என்பவருடன் அவர் பொருதினார். அந்தச் சண்டை எவ்வாறு முடிந்தது என்பதில் இருதரப்பாரும் இன்றளவும் மாறுபடுவர். ஆனால் தம் ஆட்டம் லீக்கு நிறைவளிக்கவில்லை. சண்டை நீண்டுவிட்டது, மூச்சு வாங்கியது, கற்ற முறைகள் பல கைகொடுக்கவில்லை. வென்றதாகக் கருதியவர், வென்ற பின்னும் தம் குறையைத் தேடினார். இங்கேதான் அவருடைய பெருமை தொடங்குகிறது என்பேன்.

மேலைநாட்டுக் குத்துச்சண்டையையும் வாட்போரையும் ஆராய்ந்தார். வாட்போரில் எதிரியின் வாள் புறப்படும் கணத்திலேயே தம் வாளை நீட்டி மறிக்கும் முறை ஒன்று உண்டு. தடுப்பதும் தாக்குவதும் அங்கே ஒரே செயல். அதைக் கைக்கும் காலுக்கும் பொருத்தினார். 1967இல் தம் முறைக்கு ஜீட் குன் டோ எனப் பெயரிட்டார். குறுக்கிட்டு மறிக்கும் கைமுட்டியின் வழி என்பது அதன் பொருள்.

உதைக்கு இம்முறை தரும் விடை என்ன? உதை பாதத்தின் முனையில் கடும் வேகம் கொள்கிறது. இடுப்பருகே வேகம் குறைவு. ஆகவே அதன் எல்லைக்கு வெளியே விலகிவிட வேண்டும். அல்லது வலுப்பெறுமுன் உள்ளே நெருங்கிவிட வேண்டும். நடுவில் நின்று கையை நீட்டுபவன் உதையின் முழு வலிமையையும் எலும்பில் வாங்குகிறான். நான் செய்த பிழை இதுவே!

மூன்றாவது வழி ஒன்று உண்டு. அதுவே லீயின் சிறப்பு. உதைப்பவன் முதலில் முழங்காலைத் தூக்கியாக வேண்டும். அக்கணத்தில் அவன் ஒற்றைக் காலில் நிற்கிறான். அப்பொழுது நம் முன்காலை நேரே நீட்டி, அவன் கணைக்காலையோ முழங்காலையோ பக்கவாட்டுப் பாதத்தால் மறித்தால், உதை பிறக்கும் முன்பே நின்றுபோகும். நமக்குள்ளவற்றில் நீண்ட ஆயுதம் கால். எதிரியிடம் நமக்கு அருகிலுள்ள இலக்கும் கால். இதற்கு வலிமையைவிடக் கூரிய கவனமே தேவை. இடுப்பும் தோளும் அசைவதைக் கண் முன்கூட்டியே அறிய வேண்டும். மார்புக் கவசமும் காலுறைக் காப்பும் அணிவித்து, மெய்யான வேகத்தில் மாணவர்களைப் பழக்கினார் அவர். கவசமின்றிப் பழகிய என் கை இதன் அருமையை அறியும்.

1970இல் எடை தூக்கும் பயிற்சியின்போது அவருடைய முதுகு கடுமையாகப் பாதிக்கப்பட்டது. இனி உதைக்கவே இயலாது என மருத்துவர்கள் கூறினர். பல மாதங்கள் ஓய்வில் கிடந்தவர், தம் கலையைப் பற்றிக் குறிப்புகள் எழுதிக் குவித்தார். அவற்றின் தொகுப்பு அவர் மறைந்த பின் 1975இல் நூலாயிற்று. மறு ஆண்டே எழுந்து நம் நாட்டுக்கு வந்தார். நடிகர் ஜேம்ஸ் கோபர்னுடனும் எழுத்தாளர் ஸ்டர்லிங் சிலிஃபண்டுடனும், ஒரு படத்துக்கு இடம் பார்க்க 1971இல் இந்தியாவில் சுற்றினார். அந்தப் படம் அவர் காலத்தில் உருவாகவில்லை.

அவ்வாண்டே 'தி பிக் பாஸ்' வெளிவந்தது; புகழ் பெருகியது. 1972இல் 'கேம் ஆஃப் டெத்' படத்துக்காக, தம் மாணவரும் கூடைப்பந்து வீரருமான கரீம் அப்துல் ஜப்பாருடன் மோதினார். அவர் உயரம் 7 அடி 2 அங்குலம்! லீயின் மஞ்சள் உடையின் மார்பில் அந்தப் பெரிய பாதத்தின் தூசுச் சுவடு பதிந்திருப்பதைப் படத்தில் காணலாம். தாம் உதை வாங்கியதை மறைக்காமல் காட்டிய வீரர் அவர்.

1973 ஜூலை 20ஆம் நாள், மூளை வீக்கத்தால் ஹாங்காங்கில் காலமானார். வயது 32. 'எண்டர் தி டிராகன்' அடுத்த மாதம்தான் அமெரிக்காவில் திரைக்கு வந்தது.

என் கை ஆறியது. அண்ணனுக்கு நான் கற்றுக்கொடுத்தவை சிலவே. தோழர்களோடு சேர்ந்து வர வேண்டும். அந்நியன் நெருங்கினால் கால் எட்டாத தொலைவில் விலக வேண்டும். ஓட இடமிருந்தால் ஓடிவிட வேண்டும். வழியே இல்லையெனில் அந்த ஒரே மறிப்பு உதை. அதனை வீட்டு முற்றத்தில், தலையணையைக் காலில் கட்டிக்கொண்டு இருவரும் நாள்தோறும் பழகுகிறோம். அதைப் பயன்படுத்தும் நாள் வராமலே போகட்டும் என்பதே அம்மாவின் வேண்டுதல். எங்கள் வேண்டுதலும் அதுவே.