ஃபாரின் போக பெட்டி கட்டுறீங்களா? காந்தியோட லக்கேஜ் கதையைக் கேட்டுட்டுக் கட்டுங்க!

விசா வந்தாச்சு, டிக்கெட் போட்டாச்சு. பெருங்குடி ஏர்போர்ட்டுக்குக் கிளம்ப இன்னும் பத்தே நாள். ஹாலில் திறந்து கிடக்கிற பெட்டியைச் சுத்தி மொத்தக் குடும்பமும் உட்கார்ந்திருக்கும். அம்மா பக்கம் இட்லிப் பொடி, அப்பளக்கட்டு, ஊறுகாய். அப்பா பக்கம் குக்கர். உங்க பக்கம் புதுசா வாங்கின ரெண்டு கோட். தராசு முள் 23 கிலோவை எப்பவோ தாண்டிடுச்சு. எதை எடுக்கிறது, எதை விடுறது?

இதே கேள்வியோட வாழ்க்கை முழுக்க மல்லுக்கட்டினவர் ஒருத்தர் இருக்கார். மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. மேலமாசி வீதியில் அவர் உடையை மாத்தின கதை மதுரைக்காரங்களுக்கு ஸ்கூலிலேயே தெரியும். அதுக்கு முன்னாடி அவர் கட்டின பெட்டிகளோட கதை தெரியுமா?

வெள்ளை சூட்டும் பூட்டின பெட்டியும்

1888 செப்டம்பர் 4. பம்பாயிலிருந்து லண்டனுக்குக் கப்பல் ஏறும்போது காந்திக்கு 19 வயசுகூட நிரம்பலை. சட்டம் படிக்கப் போறார். மது, மாமிசம் தொட மாட்டேன்னு அம்மாவுக்குச் சத்தியம் செஞ்சு கொடுத்திருந்தார். கப்பலில் எந்தச் சாப்பாட்டில் என்ன இருக்கும்னு கேட்கவே கூச்சம். முள்கரண்டி பிடிக்கவும் தெரியாது. ஊரிலிருந்து கொண்டுபோன இனிப்பும் பழமும்தான் பெரும்பாலும் காப்பாத்துச்சு.

கப்பலில் கறுப்பு சூட் போட்டுக்கிட்டவர், கரை இறங்குற அன்னைக்கு எடுப்பா இருக்கும்னு ஒரு வெள்ளை ஃபிளானல் சூட்டைப் பத்திரமா வச்சிருந்தார். இறங்கிப் பார்த்தா, செப்டம்பர் மாசக் கடைசி. அந்தக் குளிரில் வெள்ளை போட்டிருந்த ஒரே ஆள் அவர்தான்! மாத்திக்கலாம்னா அதுவும் முடியாது. மத்தவங்க செஞ்சதைப் பார்த்து, இவரும் எல்லாப் பெட்டியையும் சாவியோட ஏஜென்டிடம் ஒப்படைச்சிருந்தார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பெட்டி வரலை. அன்னைக்குப் பட்ட அவஸ்தையைப் பல வருஷம் கழிச்சு சுயசரிதையிலும் எழுதியிருக்கார்.

பெட்டிக்குள்ளே போன ஓவர்கோட்

1893-ல் தென்னாப்பிரிக்கா. இப்போ பாரிஸ்டர். டர்பனிலிருந்து பிரிட்டோரியாவுக்கு முதல் வகுப்பு டிக்கெட்டோட ரயில் ஏறினார். வெள்ளைக்காரர் அல்லாதவர் அந்தப் பெட்டியில் இருக்கக் கூடாதுன்னு பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனில் இறக்கிவிட்டாங்க. அந்த ஊரில் அது குளிர்காலம். ஓவர்கோட் இருந்தது லக்கேஜுக்குள்ளே. லக்கேஜ் இருந்தது ரயில்வேகாரங்க கையில். போய்க் கேட்டா மறுபடியும் அவமானப்படுத்துவாங்களோன்னு கேட்காமலே ராத்திரி முழுக்க நடுங்கிக்கிட்டு உட்கார்ந்திருந்தார். ஊருக்கே திரும்பிடலாமா, இங்கேயே நின்னு போராடலாமான்னு அவர் யோசிச்சு முடிவெடுத்தது அந்த ராத்திரியில்தான்.

உங்களுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கு. சான்றிதழ், மருந்து, ஸ்வெட்டர், ஒரு செட் துணி... இதெல்லாம் ஹேண்ட் லக்கேஜில் உங்ககூடவே வரட்டும்.

கஸ்தூர்பா அழுத ராத்திரி

1896-ல் மனைவி, பிள்ளைகளோட திரும்பவும் தென்னாப்பிரிக்கா கிளம்பினார். அங்கே மதிப்பு கிடைக்கணும்னா நாகரிகமா தெரியணும்னு நினைச்சு, கஸ்தூர்பாவுக்கு பார்சி பாணியில் சேலை, பையன்களுக்கு பார்சி கோட், எல்லோருக்கும் ஷூ, சாக்ஸ்னு வாங்கிக் குவிச்சார். பழக்கமே இல்லாத ஷூ காலைக் கடிச்சது, வியர்வையில் சாக்ஸ் நாறுச்சு. ஆனாலும் விடலை, எல்லோரையும் போட வச்சார்.

1901-ல் தென்னாப்பிரிக்காவிலிருந்து ஊர் திரும்பும்போது கதை தலைகீழ். அங்கிருந்த இந்தியர்கள் பிரிவு உபசாரமா தங்கம், வெள்ளி, வைரம்னு பரிசு கொடுத்தாங்க. கஸ்தூர்பாவுக்கு மட்டும் 50 கினி மதிப்புள்ள தங்கச் சங்கிலி. காந்திக்குத் தூக்கமே வரலை. பொதுச் சேவைக்கு வந்த பரிசை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகக் கூடாதுன்னு முடிவு செஞ்சு, எல்லாத்தையும் மக்களுக்கான அறக்கட்டளைக்கு எழுதி வச்சார்.

கஸ்தூர்பா லேசில் ஒத்துக்கலை. நாளைக்கு மருமகள்கள் வந்தா போட நகை வேண்டாமான்னு கேட்டார். ராத்திரி பகலா நானும்தானே உழைச்சேன், அது சேவை இல்லையான்னு கண்ணீரோட கேட்டார். நியாயமான கேள்வி. கடைசியில் ஜெயிச்சது காந்திதான். ஆனா, அந்தச் சம்மதத்தை மனைவியிடமிருந்து எப்படியோ பிடுங்கித்தான் வாங்கினதா அவரே ஒளிக்காம எழுதியிருக்கார். தன் முடிவுக்கு வீட்டில் இன்னொருத்தரும் விலை கொடுத்தாங்கன்னு அவருக்குத் தெரிஞ்சிருந்தது.

மேலமாசி வீதி, 1921

இப்போ நம்ம ஊர். அந்நியத் துணியைப் புறக்கணிக்கச் சொல்லி ஊர் ஊராகப் போய்க்கிட்டிருந்தார். கதர் வாங்கக் காசில்லாத ஏழைங்க என்ன செய்வாங்க? இடுப்பில் ஒரு துண்டு போதும்னு அவங்களுக்குச் சொல்லணும்னா, முதலில் தான் அப்படி இருக்கணும்னு அவருக்குத் தோணுச்சு. மேலமாசி வீதியில் தங்கியிருந்த வீட்டில், செப்டம்பர் 22 அன்னைக்குச் சட்டையையும் தொப்பியையும் விட்டார். புது உடையில் அவர் முதலில் பேசின இடம் காமராஜர் சாலையில் இன்னைக்கும் காந்தி பொட்டல். அக்டோபர் மாசக் கடைசி வரைக்கும்னு ஆரம்பிச்சது, ஆயுசுக்கும் நிலைச்சிடுச்சு.

பத்து வருஷம் கழிச்சு, 1931-ல் வட்டமேஜை மாநாட்டுக்கு மறுபடியும் லண்டன் பயணம். கப்பலில் ஏறினதும் கூட வந்தவங்களோட பெட்டிகளைப் பார்த்து அதிர்ந்துட்டார். ஏழைங்களோட பிரதிநிதியா போறவங்களுக்கு இவ்வளவு எதுக்குன்னு, தேவையில்லாததை எல்லாம் ஏடன் துறைமுகத்திலிருந்தே திருப்பி அனுப்ப வச்சார். லண்டனில் அதே முழங்கால் வேட்டி, குளிருக்குச் சால்வை, காலில் செருப்பு. பக்கிங்ஹாம் அரண்மனையில் அரசரைப் பார்த்ததும் அப்படித்தான். வெள்ளை சூட்டில் கூசி நின்ன பையனுக்கும் இவருக்கும் நடுவில் 43 வருஷம்.

காந்தி மாதிரி ஒரு துண்டோட போங்கன்னு யாரும் சொல்லலை. மைனஸ் டிகிரி குளிருக்கு ஜாக்கெட் வேணும், புது ஊர் இன்டர்வியூவுக்கு ஒரு கோட்டும் வேணும். ஆனா, அவருடைய பெட்டிகளை வரிசையா வச்சுப் பாருங்க. அடுத்தவங்க கண்ணுக்காக எடுத்துட்டுப் போன வெள்ளை சூட்டும் ஷூவும்தான் படுத்தியிருக்கு. பசிக்கும் குளிருக்கும் எடுத்த பண்டமும் சால்வையும் கைகொடுத்திருக்கு.

கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் கிடைச்சா, தமுக்கம் பக்கம் காந்தி மியூசியத்துக்குப் போயிட்டு வாங்க. ராணி மங்கம்மாளோட பழைய அரண்மனையில் 1959-ல் திறந்தது. 1948-ல் சுடப்பட்டப்போ அவர் உடுத்தியிருந்த, ரத்தக்கறை படிஞ்ச துணிகளில் ஒண்ணு அங்கே இருக்கு. அவர் கடைசி வரைக்கும் கூட வச்சிருந்த சொத்துகளில் அதுவும் ஒண்ணு.

வீட்டுக்கு வந்து பெட்டியை மறுபடி திறங்க. அம்மாவையும் பக்கத்தில் வச்சுக்கிட்டே முடிவு பண்ணுங்க. அப்பவும் ஒரு கிலோ கூடுதலா இருந்தா, இட்லிப் பொடியைத் தொடாதீங்க. அந்த ரெண்டாவது கோட்டை வெளியே எடுத்துடுங்க.