எஃப்.ஏ. கிண்ணம் கண்ட சார்லஸ் ஆல்காக்

தோற்ற குழு வீடு திரும்ப, வென்ற குழு அடுத்த சுற்றுக்குப் போகும் காற்பந்துக் கிண்ணப் போட்டி நடக்காத நாடு இன்று அநேகமாக இல்லை. ‘மலாயா’ என்னும் போர்க்கப்பலைச் சேர்ந்தவர்கள் 1921-இல் நன்கொடையாக அளித்த மலாயாக் கிண்ணத்தின் வரலாறு நம்மில் பலருக்குத் தெரியும். ஆனால் இத்தகைய கிண்ணங்களுக்கெல்லாம் மூத்ததான இங்கிலாந்தின் எஃப்.ஏ. கிண்ணத்தை யார் ஏற்படுத்தினார் என்று கேட்டால், ஆட்டங்களை அலசித் தீர்க்கும் அன்பர்களும் சற்றே விழிப்பார்கள். அவர் ஒரு காரியதரிசி. சங்கக் காரியதரிசிகளின் பெயர் வெளியே தெரிவது அபூர்வம் என்பதைச் சங்கப் பணி செய்யும் வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

சார்லஸ் வில்லியம் ஆல்காக் 1842-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் வட இங்கிலாந்தின் சண்டர்லாந்து நகரில் பிறந்தார். தகப்பனார் கப்பல் கட்டும் தொழிலில் பொருளீட்டியவர். பிள்ளைகளைப் பெரிய இடத்துப் பள்ளியாகிய ஹாரோவுக்கு அனுப்பி வைத்தார். அங்கே மாணவர் இல்லங்களுக்கிடையே காற்பந்துப் பந்தயம் நடக்கும். தோற்ற இல்லம் விலகிக்கொள்ளும்; இறுதியில் மிஞ்சும் இல்லத்துக்குச் ‘சேவல் இல்லம்’ என்று பெயர். சிறுவர்களின் இந்த விளையாட்டு ஆல்காக்கின் மனத்தில் நன்றாகப் பதிந்துவிட்டது.

பள்ளியை விட்டதும், 1859-இல், தம் தமையன் ஜானுடன் சேர்ந்து ஃபாரஸ்ட் என்னும் குழுவை அமைத்தார். பிற்பாடு அது வாண்டரர்ஸ் என்று பெயர் மாறியது. சொந்த மைதானம் இல்லாமல் ஊர் ஊராய்ப் போய் ஆடிய குழுவுக்கு ‘அலைந்து திரிபவர்கள்’ என்ற பெயர் பொருத்தமாகவே அமைந்தது. 1863-இல் இங்கிலாந்தின் காற்பந்துச் சங்கம் தோன்றியது. 1870-இல் ஆல்காக் அதன் காரியதரிசியானார்.

அவர் பொறுப்பேற்ற சங்கத்தின் நிலை நாம் இன்று நினைப்பதுபோல் இருக்கவில்லை. ஒவ்வொரு பள்ளியும் ஒவ்வொரு ஊரும் தத்தம் விதிப்படி ஆடிய காலம் அது. பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டத்தை விரும்பியவர்கள் 1871 ஜனவரியில் ரக்பிச் சங்கம் என்று தனியே அமைத்துக்கொண்டார்கள். காற்பந்துச் சங்கத்தின் விதிகளை நாடு முழுவதும் ஏற்கச் செய்வது எப்படி? கடிதம் எழுதினால் போதுமா? ஆல்காக் வேறு வழி கண்டார். 1871 ஜூலை 20-ஆம் நாள், ‘ஸ்போர்ட்ஸ்மன்’ பத்திரிகை அலுவலகத்தில் கூடிய நிர்வாகக் குழுவில், அங்கத்தினர் குழுக்கள் அனைத்தும் போட்டியிட ஒரு கிண்ணம் வைக்கலாம் என்று பிரேரணை கொண்டு வந்தார். கிண்ணம் வேண்டுமென்றால் சங்க விதிப்படிதான் ஆடியாக வேண்டும். சாதுரியமான யோசனை என்றே நாம் சொல்வோம்.

வெள்ளிக் கிண்ணம் செய்ய 20 பவுண்டு ஆயிற்று. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரிலிருந்த குவீன்ஸ் பார்க் குழு, அவ்வளவு தூரத்திலிருந்தும் ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங், அனுப்பி வைத்தது. போட்டிக்குப் பெயர் கொடுத்த குழுக்கள் 15. பெரும்பாலானவை லண்டனையும் சுற்றுப்புறத்தையும் சேர்ந்தவை. 1871 நவம்பர் 11-இல் முதல் ஆட்டங்கள் தொடங்கின.

அந்த முதல் பருவத்தின் கதை சற்று வேடிக்கையானது. ஆல்காக் தலைமை தாங்கிய வாண்டரர்ஸை எதிர்க்க வேண்டிய ஹாரோ செக்கர்ஸ் குழு ஆட வராமல் விலகியது. அடுத்த சுற்றில் கிளாப்பம் ரோவர்ஸை வென்றார்கள். பிறகு கிரிஸ்டல் பாலஸுடன் கோலின்றிச் சமநிலை. அன்றைய விதிப்படி இரு குழுக்களையுமே மேலே அனுப்பி விட்டார்கள்! குவீன்ஸ் பார்க் கதையோ இன்னும் விசித்திரம். எதிர்க்குழு விலகியதாலும், ஒரு சுற்றில் ஆட்டமே இல்லாமல் போனதாலும், ஓர் ஆட்டமும் ஆடாமலே அது அரையிறுதிக்கு வந்து சேர்ந்தது.

1872 மார்ச்சில் லண்டன் ஓவல் மைதானத்தில் குவீன்ஸ் பார்க்கும் வாண்டரர்ஸும் மோதின. கோல் எதுவும் விழவில்லை. மறுபடி ஆட வேண்டும் என்றார்கள். லண்டனில் தங்கவோ மீண்டும் ஒருமுறை ரயிலேறி வரவோ கிளாஸ்கோ ஆட்டக்காரர்களிடம் பணமில்லை. ஒரு கினி கொடுத்துக் கிண்ணத்துக்கு உதவியவர்கள், தோற்காமலே ஊர் திரும்பினார்கள். வாண்டரர்ஸ் இறுதியாட்டத்துக்குப் போயிற்று.

இங்கே வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். போட்டியை ஏற்படுத்திய சங்கத்தின் காரியதரிசி ஆல்காக். பலன் பெற்ற குழுவின் தலைவரும் அவரே. ஓவல் மைதானத்தில் ஆடிவந்த சர்ரி கிரிக்கெட் கழகத்தின் காரியதரிசியாக அதே 1872-இல் அமர்ந்தவரும் அவரே. இன்றைக்கு ஒரு சங்கத்தில் இப்படி நடந்தால் மகாசபைக் கூட்டத்தில் கூச்சல் எழும், எழுவதும் நியாயம். ஆல்காக் வஞ்சகம் செய்ததாக நாம் சொல்லவில்லை. பணமும் ஓய்வும் உள்ள கனவான்களுக்கு ஏற்றபடி அமைந்த போட்டி அது. அந்தக் குறை அப்போது அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை.

மார்ச் 16-ஆம் நாள் இறுதியாட்டம். ஒரு ஷில்லிங் கட்டணம் செலுத்தி ஏறத்தாழ 2,000 பேர் பார்த்தார்கள். ராணுவ அதிகாரிகளின் ராயல் இஞ்சினியர்ஸ் குழுவே வெல்லும் என்று எல்லாரும் எண்ணியிருந்தார்கள். ஆனால் ஆட்டம் தொடங்கிச் சுமார் பத்து நிமிடத்தில் அவர்களுடைய கிரெஸ்வெல் என்பவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. மாற்று ஆட்டக்காரரை இறக்கும் வழக்கம் அக்காலத்தில் இல்லை. மனிதர் வெளியேறாமல் கடைசிவரை நின்றார். சற்று நேரத்தில் மார்ட்டன் பெட்ஸ் வாண்டரர்ஸுக்கு ஒரு கோல் போட்டார். அவர் அன்று ‘ஏ. எச். செக்கர்’ என்ற புனைபெயரில் ஆடினார். முதல் சுற்றில் விலகிய ஹாரோ செக்கர்ஸ் குழுவைச் சேர்ந்தவர் என்பதே அந்தப் பெயரின் இரகசியம். ஆல்காக்கும் ஒரு கோல் போட்டார். அதற்கு முன் தம் குழுவினர் ஒருவரின் கையில் பந்து பட்டுவிட்டதால் அது செல்லவில்லை. ஒன்றுக்குப் பூஜ்யம் என்று கிண்ணம் ஆல்காக்கின் கைக்கு வந்தது.

வாண்டரர்ஸ் 1873-இலும், பின்னர் 1876 முதல் 1878 வரை தொடர்ந்து மூன்று முறையும் வென்றது. மும்முறை தொடர்ந்து வென்றால் கிண்ணம் அக்குழுவுக்கே சொந்தம் என்பது விதி. இனி எக்குழுவும் அதை நிரந்தரமாக வைத்துக்கொள்ளக்கூடாது என்ற நிபந்தனையுடன் வாண்டரர்ஸ் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தது. இந்தச் செயலை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

அதற்குள் காற்பந்து வடக்கேயுள்ள ஆலைத் தொழிலாளர் ஊர்களில் வேரூன்றிவிட்டது. 1883-இல் பிளாக்பர்ன் ஒலிம்பிக் என்னும் தொழிலாளர் குழு, செல்வச் சீமான்களின் ஓல்டு ஈட்டோனியன்ஸ் குழுவை ஓவலில் வீழ்த்திக் கிண்ணத்தைக் கொண்டு போயிற்று. ஆட்டத்துக்காக வேலையை விட்டு வருபவனுக்கு அன்றைய கூலி போய்விடும். ஆகவே வட நாட்டுக் குழுக்கள் ஆட்டக்காரர்களுக்கு மறைமுகமாகப் பணம் கொடுத்தன. சங்கம் அதைத் தடை செய்திருந்தது. 1884-இல் பிரஸ்டன் நார்த் எண்ட் குழுமீது புகார் வந்தபோது, அதன் நிர்வாகி வில்லியம் சடல் பணம் கொடுத்ததை மறைக்காமல் ஒப்புக்கொண்டார். பிரஸ்டன் போட்டியிலிருந்து விலக்கப்பட்டது.

கனவான்கள் பலர் கொதித்தார்கள். ஆல்காக் அவர்களோடு சேரவில்லை. கிரிக்கெட்டில் கூலி பெறும் ஆட்டக்காரர்களோடு நெருங்கிப் பழகியவர் அவர். ஊதியம் பெறுவதைச் சட்டபூர்வமாக்க வேண்டும் என்று அவ்வாண்டே சங்கக் கூட்டத்தில் வாதாடினார். எதிர்ப்பு பலமாக இருந்தது. ஒரே கூட்டத்தில் காரியம் ஆகவில்லை. 1885 ஜூலையில் சங்கம் இணங்கியது. அவருடைய வாழ்வில் கிண்ணத்தை ஏற்படுத்தியதைக் காட்டிலும் இதுவே பெரிய காரியம் என்பது நம் கருத்து. தம்மைப் போன்றவர்களின் கையைவிட்டு ஆட்டம் போய்விடும் என்று தெரிந்தே அவர் அதற்கு வழிவிட்டார். குவீன்ஸ் பார்க் குழுவும் 1884-இலும் 1885-இலும் லண்டனுக்கு வந்து இறுதியாட்டம் ஆடியது. இரண்டிலும் பிளாக்பர்ன் ரோவர்ஸிடம் தோற்றது. வாண்டரர்ஸோ அதற்குள் களத்தைவிட்டே மறைந்துகொண்டிருந்தது.

1880-இல் ஓவலில் நடந்த இங்கிலாந்து - ஆஸ்திரேலியா கிரிக்கெட் ஆட்டம், இங்கிலாந்து மண்ணில் நடந்த முதல் டெஸ்ட், அவர் ஏற்பாடே. பத்திரிகைத் தொழிலும் செய்தார். ஆண்டு மலர்களைத் தொகுத்தார். 1895-இல் காற்பந்துச் சங்கப் பொறுப்பிலிருந்து விலகினார். அதே ஆண்டு செப்டம்பரில், ஆஸ்டன் வில்லா வென்றிருந்த அந்த 20 பவுண்டுக் கிண்ணம் பர்மிங்ஹாமில் ஒரு கடையின் கண்ணாடி மாடத்திலிருந்து களவு போயிற்று. திரும்பக் கிடைக்கவேயில்லை. புதிதாக வேறொன்று செய்து போட்டியைத் தொடர்ந்தார்கள்.

சர்ரி கழகத்தின் காரியதரிசி வேலையை மட்டும் ஆல்காக் கடைசிவரை விடவில்லை. 1907 பிப்ரவரி 26-இல், 64-ஆம் வயதில், பிரைட்டன் நகரில் காலமானார். ஓவல் மைதானத்துக்குத் தெற்கே, வெஸ்ட் நார்வுட் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார்.