ஞாயிற்றுக்கிழமை ஓடாத வீரர்
எரிக் லிடெல் வாழ்க்கை

ஒலிம்பிக் பந்தயத்தில் ஓட ஒரு வாய்ப்பு கிடைக்காதா என்று ஏங்குவோர் பல ஆயிரம் பேர். கிடைத்த வாய்ப்பை வேண்டாம் என்று சொன்னார் ஒருவர். அவர்தான் எரிக் லிடெல். பந்தயம் ஞாயிற்றுக்கிழமை நடக்கிறது என்பதுதான் அவர் சொன்ன காரணம்!

பாதிரியார் மகன்

எரிக் லிடெல், 1902-ம் ஆண்டு ஜனவரி 16-ந் தேதி சீனாவில் உள்ள தியன்சின் நகரில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் லிடெல், ஸ்காட்லாந்து நாட்டைச் சேர்ந்த பாதிரியார். மதப் பணிக்காக மனைவியுடன் சீனாவில் வசித்து வந்தார்.

எரிக்குக்கு 6 வயது ஆனதும், அவரையும் அண்ணன் ராபையும் லண்டன் அருகே ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். அது, வெளிநாடுகளில் பணிபுரியும் பாதிரியார்களின் மகன்களுக்காக ஏற்பட்ட பள்ளி. பெற்றோர் சீனாவுக்குத் திரும்பிவிட்டனர். சில ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் அவர்கள் விடுமுறையில் வருவார்கள். தாயின் அன்புக்கு ஏங்கும் வயதில், அவளுடைய கடிதங்கள்தான் பிள்ளைகளுக்குத் துணை.

லிடெல் குடும்பத்தில் ஞாயிற்றுக்கிழமை என்றால் புனித நாள். நம் வீடுகளில் விரத நாளுக்கு உள்ள கட்டுப்பாடு போல, அந்த நாளுக்கும் கட்டுப்பாடு உண்டு. வேலை கூடாது. விளையாட்டும் கூடாது. கோவிலுக்குப் போகவேண்டும். பிரார்த்தனை செய்யவேண்டும். இந்தப் பழக்கம் எரிக்கின் மனதில் வேரூன்றிவிட்டது.

அதே பள்ளியில் அவருக்கு விளையாட்டு ஆசையும் வளர்ந்தது. ஓட்டம், கிரிக்கெட், ரக்பி மூன்றிலும் கெட்டிக்காரர். அந்தக் காலத்தில் பிரிட்டனில் பந்தயங்கள் பெரும்பாலும் சனிக்கிழமைகளில்தான் நடக்கும். ஆகவே விளையாட்டுக்கும் வழிபாட்டுக்கும் இடையே தகராறு எதுவும் எழவில்லை.

1920-ம் ஆண்டு எடின்பரோ பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் படிக்கச் சேர்ந்தார். ஸ்காட்லாந்து அணிக்காக 7 முறை ரக்பி ஆடினார். 1923-ம் ஆண்டு 100 கஜ ஓட்டத்தை 9.7 விநாடியில் ஓடி, பிரிட்டிஷ் சாதனை படைத்தார். அந்தச் சாதனையைப் பல ஆண்டுகள் யாரும் முறியடிக்கவில்லை.

வந்தது சோதனை

1924-ம் ஆண்டு பாரீஸ் நகரில் ஒலிம்பிக் பந்தயம். 100 மீட்டர் ஓட்டத்தில் எரிக் தங்கப் பதக்கம் பெறுவார் என்று நாடே எதிர்பார்த்தது. பந்தய அட்டவணை வந்தது. 100 மீட்டர் முதல் சுற்று, ஜூலை 6-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை!

எரிக் தயங்கவில்லை. அந்தப் பந்தயத்தில் கலந்துகொள்ளப் போவதில்லை என்று கூறிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வந்ததால் இரண்டு தொடர் ஓட்டங்களையும் விட்டுவிட்டார். நாட்டுப்பற்று இல்லாதவர் என்று கூடச் சிலர் ஏசினார்கள். அவர் யாரோடும் சண்டை போடவில்லை. மற்றவர்கள் அன்று ஓடக்கூடாது என்று சொல்லவும் இல்லை.

அட்டவணை பல மாதங்களுக்கு முன்பே தெரிந்துவிட்டதால், வேறு நாட்களில் நடக்கும் 400 மீட்டர் ஓட்டத்துக்குப் பயிற்சி எடுத்தார். குறுகிய தூரம் ஓடுகிறவருக்கு அது கடினமான பந்தயம். முழு வேகத்தில் தொடங்கினால் பாதியில் மூச்சு வாங்கும்.

ஜூலை 6-ந் தேதி, மற்ற வீரர்கள் மைதானத்தில் ஓடினார்கள். எரிக், பாரீசில் உள்ள ஸ்காட்லாந்து கிறிஸ்தவ கோவிலில் பிரசங்கம் செய்தார். மறுநாள் 100 மீட்டரில் தங்கம் பெற்றவர், அதே பிரிட்டிஷ் அணியின் ஹரால்ட் ஆபிரகாம்ஸ். 9-ந் தேதி 200 மீட்டரில் எரிக்குக்கு வெண்கலம் கிடைத்தது.

11-ந் தேதி 400 மீட்டர் இறுதிப் பந்தயம். எரிக்குக்குக் கடைசி ஓரத்துப் பாதை. மற்றவர்கள் வருவது அவர் கண்ணுக்குத் தெரியாது. துப்பாக்கி வெடித்ததும் பாய்ந்தார். பாதித் தூரம் வரை மின்னல் வேகம். வேகம் தளரும் என்று எல்லோரும் நினைத்தார்கள். தளரவில்லை! 47.6 விநாடியில் முதலாவதாக வந்தார். தங்கப் பதக்கம்! உலக சாதனை!

மீண்டும் சீனா

புகழின் உச்சியில் இருந்தவர், 1925-ம் ஆண்டு சீனாவுக்குப் புறப்பட்டார். தியன்சினில் ஒரு கல்லூரியில் விஞ்ஞானமும் விளையாட்டும் கற்பித்தார். 1932-ம் ஆண்டு பாதிரியார் ஆனார். 1934-ம் ஆண்டு புளோரன்ஸ் என்ற கனடா நாட்டுப் பெண்ணை மணந்தார்.

யுத்தம் நெருங்கியது. 1941-ம் ஆண்டு, கர்ப்பிணியான மனைவியையும் இரண்டு மகள்களையும் கனடாவுக்கு அனுப்பிவிட்டு, எரிக் மட்டும் சீனாவில் தங்கினார். அங்கே பிறந்த மூன்றாவது மகளின் முகத்தை அவர் கடைசி வரை பார்க்கவே இல்லை.

1943-ம் ஆண்டு ஜப்பானியர், அவரை வெய்சியன் என்ற ஊரில் இருந்த முகாமில் அடைத்தார்கள். பெற்றோரைப் பிரிந்த பள்ளிப் பிள்ளைகள் ஏராளமானோர் அங்கே அடைபட்டிருந்தனர். சிறு வயதில் எரிக் பட்ட துன்பம்தான் அது. அவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். உடைந்த ஹாக்கி மட்டைகளை ஒட்டிக் கொடுத்தார். விளையாட்டுகளை நடத்தினார். பிள்ளைகள் அவரை மாமா என்று அழைத்தார்கள்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் விளையாட்டு நடத்த மறுத்துவிட்டார். பொழுது போகாத பிள்ளைகள், ஒரு ஞாயிறன்று தாங்களே ஹாக்கி ஆடினார்கள். நடுவர் இல்லை. ஆட்டம் அடிதடியில் முடிந்தது.

எரிக் யோசித்தார். அடுத்த ஞாயிறு, அவரே மைதானத்தில் நடுவராக நின்றார்! தங்கப் பதக்கத்துக்காக விட்டுக்கொடுக்காத நாளை, அடைபட்டுக் கிடந்த பிள்ளைகளுக்காக விட்டுக்கொடுத்தார்.

மறைவு

முகாமில் அவருக்குத் தலைவலி கண்டது. நாளுக்கு நாள் உடல் நலிந்தது. 1945-ம் ஆண்டு பிப்ரவரி 21-ந் தேதி, 43-வது வயதில் காலமானார். மூளையில் கட்டி இருந்தது, இறந்த பிறகே தெரியவந்தது. ஆறு மாதத்தில் முகாமுக்கு விடுதலை கிடைத்தது.

1981-ம் ஆண்டு அவர் கதை ஆங்கிலப் படமாக வெளிவந்து, சிறந்த படத்துக்கான ஆஸ்கார் பரிசு பெற்றது. 1991-ம் ஆண்டு முகாம் இருந்த ஊரில், ஸ்காட்லாந்தில் இருந்து கொண்டுவந்த கருங்கல்லில் நினைவுச் சின்னம் எழுப்பினார்கள்.

விரதத்தைத் தனக்கென்று வைத்துக்கொண்டபோது எரிக் லிடெல் மலைபோல் உறுதியாக இருந்தார். பிள்ளைகளின் நலன் என்று வந்தபோது இளகினார். பிள்ளைகளை வளர்க்கும் வீடுகளுக்கு இந்த இரண்டுமே தேவை.