மரணப்படுக்கையின் காவலர் புனித கமிலஸ்

உங்கள் வீட்டில் வயதான தாய்க்கோ தகப்பனுக்கோ தீராத வருத்தம் வந்து, இனி மருந்தினால் பயனில்லை என்று வைத்தியரும் சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் வைத்துப் பார்க்க ஆளில்லை. யாரோ ஒருவர் ஒரு பராமரிப்பு இல்லத்தின் பெயரைச் சொல்கிறார். நீங்கள் போய்ப் பார்க்கிறீர்கள். வாசலிலே பூச்சாடிகள், தரை பளபளக்கிறது, பொறுப்பாளர் மரியாதையாகப் பேசுகிறார். இவற்றைக் கண்டு அது நல்ல இல்லம் என்று தீர்மானித்து விடலாமா?

நானூறு ஆண்டுகளுக்கு முன் உரோமாபுரியில் ஒரு மனிதர் இதே கேள்வியைத் தமக்குள் கேட்டு, அதற்கு விடை காண்பதிலேயே தம் ஆயுளைச் செலவிட்டார். அவர் வைத்தியர் அல்லர். ஒரே வைத்தியசாலையில் முதலில் நோயாளியாய்க் கிடந்து, பிறகு வேலைக்காரனாய் நின்று, அதன் பின் மேற்பார்வையாளராய் உயர்ந்தவர். கட்டிலில் கிடந்து பார்த்ததையும் கட்டிலருகே நின்று பார்த்ததையும் அவர் மறக்கவில்லை. அவர்தான் புனித கமிலஸ் தெ லெல்லிஸ்.

இத்தாலியின் அப்ருத்சி மாநிலத்தில், புக்கியானிக்கோ என்னும் ஊரில் 1550ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் திகதி அவர் பிறந்தார். தாயார் நரைத்த வயதில் பெற்ற பிள்ளை. நெஞ்சிலே சிலுவைக் குறியணிந்த சிறுவன் ஒருவன், அதே குறியணிந்த பலருக்கு முன்னே நடந்து போவதாக அந்தத் தாய் கனவு கண்டாராம். மகன் கொள்ளைக் கூட்டத்துக்குத் தலைவனாகப் போகிறானோ என்று பயந்தாராம். பயத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. பையன் முரடனாகவே வளர்ந்தான். தாய் இறக்கும்போது அவனுக்குப் பதின்மூன்று வயதளவுதான். தகப்பனார் போர்வீரர், சூதாட்டப் பிரியர். மகன் இரண்டையும் அவரிடமே கற்றுக்கொண்டான். ஆறரை அடி உயரம், அதற்கேற்ற கோபம். வெனிஸ் படையில் சேர்ந்து துருக்கியரோடு போரிடத் தகப்பனும் மகனுமாகவே புறப்பட்டார்கள். வழியிலேயே தகப்பனார் நோயுற்று இறந்தார்.

அந்த நாட்களில்தான் கமிலஸின் காலிலே ஒரு புண் உண்டாயிற்று. அது அவர் சாகும்வரை ஆறவில்லை. அந்தப் புண் இல்லாவிட்டால் இந்தக் கதையும் இல்லை எனலாம்.

புண்ணுக்கு வைத்தியம் தேடி 1571ஆம் ஆண்டு உரோமாபுரியிலிருந்த புனித யாகப்பர் வைத்தியசாலைக்கு அவர் வந்தார். தீராத நோயாளருக்கென்றே ஏற்பட்ட இடம் அது. கையிலே காசில்லாதபடியால் வேலைக்காரனாகவும் அங்கேயே சேர்ந்துகொண்டார். ஆனால் சீட்டாட்டமும் சண்டையும் விடவில்லை. நிர்வாகத்தினர் வெளியே அனுப்பிவிட்டார்கள். மறுபடியும் போர், மறுபடியும் சூது. 1574இல் நாப்போலி நகரில் உள்ளதெல்லாம் தோற்று, மான்பிரதோனியா ஊரில் கோவில் வாசலிலே கையேந்தி நின்றார். அங்கே கப்புச்சியன் துறவிகள் எழுப்பிக்கொண்டிருந்த கட்டடத்தில் கூலிவேலை கிடைத்தது. 1575ஆம் ஆண்டு பெப்ரவரி 2ஆம் திகதி, ஆண்டவரைக் கோவிலிலே காணிக்கையாக்கிய திருநாளன்று, ஒரு துறவி சொன்ன புத்திமதி மனதைக் குடைய, வழியிலேயே கழுதையை விட்டிறங்கி முழந்தாளிட்டு அழுதார். கப்புச்சியன் சபையில் சேர விரும்பினார், சேர்த்தும் கொண்டார்கள். துறவற உடை காலில் உராய்ந்து புண் மீண்டும் திறந்தது. சபையினர் வருத்தத்தோடு திருப்பி அனுப்பினார்கள். பின்னொருமுறை முயன்றபோதும் அப்படியே நடந்தது. அதனால் அவர் மறுபடி புனித யாகப்பர் வைத்தியசாலைக்கே திரும்பினார். இம்முறை அவருடைய ஒழுக்கத்தைக் கண்டு, வைத்தியசாலையின் வீட்டு விசாரணை முழுவதையும் அவரிடமே ஒப்படைத்தார்கள்.

இங்கேதான், வாசகர்களே, நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் வருகிறது. அக்காலத்துப் பெரிய வைத்தியசாலைகள் வெளித்தோற்றத்தில் குறைந்தவை அல்ல. உயர்ந்த மண்டபங்கள், சித்திரங்கள், பிரபுக்களின் நன்கொடைகள், கட்டில் வரிசையின் முடிவிலே பீடம்: எல்லாம் இருந்தன. குறை எங்கேயிருந்தது? கூலிக்கு வந்த வேலையாட்கள் சாப்பாட்டைக் கட்டிலருகே வைத்துவிட்டுப் போவார்கள். கை தூக்க முடியாதவன் அதை எப்படி உண்பான்? சிறிது நேரம் கழித்து வந்து, தொடாத பாத்திரத்தை எடுத்துப் போவார்கள். கணக்குப் புத்தகத்தில் அவன் சாப்பிட்டவன். கட்டிலிலோ பட்டினி கிடந்தவன். இரவில் தண்ணீர் கேட்டால் வர ஆளில்லை. சாகிறவன் தனியே சாவான்.

கமிலஸ் பகலென்றும் இரவென்றும் பாராமல், எதிர்பாராத வேளைகளில் கட்டில் வரிசைகளுக்கிடையே நடந்து பார்த்தார். எச்சரித்தார், தண்டித்தார், ஆட்களை மாற்றினார். ஆள் மாறியதேயன்றிக் குறை மாறவில்லை. 1582ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில், சம்பளத்துக்காக அன்றி அன்புக்காகவே நோயாளரைப் பார்க்கும் ஒரு சிறு கூட்டம் வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. வேலையாட்களில் நல்லவர்களாய்ச் சிலரைச் சேர்த்துக்கொண்டு, சிறியதொரு அறையிலே செபிக்கத் தொடங்கினார். நிர்வாகத்தினர் சந்தேகப்பட்டார்கள். இவன் வைத்தியசாலையையே கைப்பற்றப் பார்க்கிறான் என்று எண்ணி, அந்தச் செப அறையைக் கலைத்துப்போட்டார்கள். இதில் நாம் பெரிதாக ஆச்சரியப்படத் தேவையில்லை. குறையைச் சுட்டிக்காட்டுகிறவன் எந்த நிர்வாகத்துக்கும் இனியவனாய் இருந்ததில்லை.

குருவானவராய் இருந்தால் கூடுதலாக உதவலாம் என்று கண்டு, முப்பது வயது கடந்தபின் சிறுவர்களோடு வாங்கிலே அமர்ந்து இலத்தீன் படித்தார். 1584ஆம் ஆண்டு குருப்பட்டம் பெற்றார். அவருக்குப் பட்டம் கொடுத்தவர், இங்கிலாந்தை விட்டு அகதியாய் வந்து உரோமையில் வாழ்ந்த ஆயர் தோமஸ் கோல்ட்வெல். கமிலஸின் ஆன்ம குருவோ புனித பிலிப்பு நேரியார். புனித யாகப்பர் வைத்தியசாலையை விட்டுப் போகவேண்டாம் என்று நேரியாரே தடுத்தார். கமிலஸ் கேட்கவில்லை, சில தோழரோடு வெளியேறி, பரிசுத்த ஆவி வைத்தியசாலையில் நாள்தோறும் போய்ப் பணிசெய்யத் தொடங்கினார். புனிதர் இருவர் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகாமல் இருப்பதும் உண்டுதான்.

அவ்வாண்டளவில் தம்மவர்க்கென்று அவர் எழுதிய ஒழுங்குகளைப் பார்த்தால், இன்றைய தாதியர் கல்லூரியிலும் படிப்பிக்கலாம் போலிருக்கும். பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. நோயாளிகளிடம் கடுஞ்சொல் பேசக்கூடாது. உண்ண முடியாதவனுக்கு ஊட்ட வேண்டும். உண்ண மனமில்லாதவனை இதமாய் இணக்க வேண்டும். போர்வை விலகிக் கிடந்தால் போர்த்திவிட வேண்டும். ஒரே பிள்ளை வருத்தமாய்க் கிடக்கும்போது தாய் எப்படிப் பார்ப்பாளோ அப்படிப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய அளவுகோல். காற்றோட்டம், நோய்க்கேற்ற உணவு, தொற்றுநோயாளரைப் புறம்பாக வைத்தல் ஆகியவற்றையும் அவர் வற்புறுத்தினார். நோய்க்கிருமியைப்பற்றி ஒருவரும் அறியாத காலம் அது என்பதை நினைத்துப் பாருங்கள்.

இவை எல்லாவற்றிலும் என் மனதில் ஆழப் பதிந்தது ஒன்றுண்டு. அந்நாளில் மூச்சு நின்றதுபோல் தெரிந்தவுடனே முகத்தை மூடி, பிரேதத்தைத் தூக்கிப்போய் விடுவார்கள். கட்டில் வேறொருவனுக்கு வேண்டுமே. சிலர் உயிரோடேயே புதைக்கப்படுகிறார்கள் என்று கமிலஸ் அறிந்தார். கடைசி மூச்சு போனதாகத் தோன்றிய பின்னரும் குறைந்தது கால்மணி நேரம் அருகிலேயே நின்று செபிக்க வேண்டும், அதுவரை முகத்தை மூடக்கூடாது என்று கட்டளையிட்டார். கால்மணி நேரம் சிறியதுதான். ஆனால் அவசரப்படுகிற இடத்திலே அந்தக் கால்மணி நேரம் ஒருநாளும் கிடைக்காது. ஓர் இல்லத்தைப்பற்றி அறிய விரும்பும் எவரும், அங்கே இறந்தவர்களின் குடும்பத்தாரிடம் கேட்கக்கூடிய கேள்வி இதுவே: கடைசி வேளையில் பக்கத்தில் யார் இருந்தார்கள், எவ்வளவு நேரம் இருந்தார்கள்?

1586ஆம் ஆண்டு பாப்பரசர் 5ஆம் சிக்ஸ்துஸ் இக்கூட்டத்தை அங்கீகரித்து, அங்கியின் நெஞ்சிலே சிவப்புச் சிலுவை அணிய உத்தரவு கொடுத்தார். தாய் கண்ட கனவின் சிலுவை அதுவே என்பர். (போர்க்களத்தில் உதவும் செஞ்சிலுவைச் சங்கம் வேறு, அதன் சின்னம் சுவிற்சர்லாந்துக் கொடியின் நிறத்தை மாற்றி அமைத்தது.) 1591இல் 14ஆம் கிரகோரியார் இதைத் துறவற சபையாக உயர்த்தினார். மற்றச் சபைகளுக்குரிய மூன்று வார்த்தைப்பாடுகளோடு நாலாவதாக ஒன்றையும் இவர்கள் கொடுத்தார்கள்: கொள்ளைநோய் கண்டவரையும், தம் உயிர் போவதானாலும், கைவிடாமல் பார்ப்போம் என்பது. அது வெறும் வார்த்தையாய் நிற்கவில்லை. நாப்போலித் துறைமுகத்தில் நோய்கண்ட கப்பல்களில் ஏறிப் பணிசெய்தவர்களில் இருவர் அந்நோயினாலேயே மடிந்தனர். வீடுகளில் மரணாவஸ்தைப்படுவோரிடமும் அழைத்தவுடன் போனதால், மக்கள் இவர்களை நல்ல மரணத்தின் குருக்கள் என்றே அழைத்தார்கள்.

ஆனால் எல்லாம் நன்றாகவே நடந்தது என்று எண்ண வேண்டாம். 1594இல் மிலான் நகரின் பெரிய வைத்தியசாலையில், ஆன்ம உதவி மட்டுமன்றி ஊட்டுதல், கழுவுதல், இராக்காவல் என எல்லாப் பணியையும் இரவும் பகலும் தம்மவரே செய்ய வேண்டும் என்று கமிலஸ் ஏற்றுக்கொண்டார். சபைக்குள் பெரும் பிணக்கு எழுந்தது. ஆலோசகர் பலர் மறுத்தார்கள். அவர்கள் சோம்பேறிகள் அல்லர். இளம் சகோதரர்கள் ஓய்வில்லாமல் உழைத்து நோயில் விழுந்தார்கள். கடன் ஏறிக்கொண்டே போயிற்று. ஆன்ம உதவியை ஒருவரும் உடலுதவியை வேறொருவரும் செய்தால் போதாதா என்று கேட்டார்கள். நோயாளியை இரண்டாகப் பிரிக்க முடியாது என்பது கமிலஸின் எண்ணம். 1600ஆம் ஆண்டு 8ஆம் கிளேமெந்து பாப்பரசரின் ஆணையால் ஒருவாறு இணக்கம் ஏற்பட்டது. 1607இல் கமிலஸ் தலைமைப் பதவியை விட்டு விலகியபோது சபை பெருங்கடனில் இருந்தது.

என் அபிப்பிராயத்தைச் சொல்வதானால், நோயாளியைப்பற்றிக் கமிலஸ் கண்டது சரி. பணியாளரைப்பற்றி அந்த ஆலோசகர் கண்டதும் சரி. அன்பு இருந்தாலும் ஆள் போதாவிட்டால் பராமரிப்பு கெடும். ஆகையால் ஓர் இல்லத்துக்குப் போகும்போது, இரவிலே எத்தனை கட்டிலுக்கு எத்தனை பேர் நிற்கிறார்கள் என்றும், அவர்கள் எப்போது தூங்குகிறார்கள் என்றும் கேளுங்கள். சாப்பாட்டு வேளையில் போய், பாத்திரம் எப்படித் திரும்புகிறது என்று பாருங்கள். கமிலஸுக்குத் தெரியாத ஒன்றையும் நாம் சேர்த்துக் கேட்க வேண்டும். அவர் காலத்தில் புற்றுநோயாளியின் வேதனைக்கு இன்றைய முறையான மருந்தில்லை. 1986இல் உலக சுகாதார நிறுவனம் வேதனையைப் படிப்படியாக அடக்கும் முறையை வெளியிட்டது. மோர்பின் மருந்து அதிலே முக்கியமானது. வேதனை இரவு இரண்டு மணிக்கு வந்தால் மருந்து கொடுக்க அங்கே ஒருவர் இருப்பாரா, அல்லது காலையில் வைத்தியர் வரும்வரை பொறுக்க வேண்டுமா? வெட்கப்படாமல் கேளுங்கள்.

பதவி போனபின் கமிலஸ் சாதாரண பணியாளராய்ப் பரிசுத்த ஆவி வைத்தியசாலைக் கட்டில்களுக்கே திரும்பினார். 1598ஆம் ஆண்டு நத்தார் காலத்தில் திபேர் நதி பெருகி வெள்ளம் உள்ளே புகுந்தபோது, நோயாளரை ஒவ்வொருவராய்த் தோளிலே சுமந்து மேல்மாடிக்கு ஏற்றிய அதே இடம் அது. ஒருமுறை வைத்தியசாலைத் தலைவர் ஆளனுப்பி அழைத்தபோது, தாம் கிறிஸ்துவோடு அலுவலாய் இருப்பதாகவும் முடிந்ததும் வருவதாகவும் சொல்லியனுப்பினார் என்பர். அவர் அப்போது ஒரு நோயாளிக்கு உணவூட்டிக்கொண்டிருந்தார். ஆறாத புண்ணோடு குடலிறக்கமும் சிறுநீரகக் கல்லும் அவரை வாட்டின. உணவு வயிற்றில் தங்கவில்லை. நடக்க முடியாத நாட்களில் கட்டிலுக்குக் கட்டில் பிடித்துப் பிடித்துப் போனார்.

1614ஆம் ஆண்டு ஆடி மாதத் தொடக்கத்தில், மதலேன் மரியாள் ஆலயத்தை அடுத்த தம் சபை மடத்திலே படுக்கையில் விழுந்தார். கர்தினால் ஜின்னாசி அவருக்கு வழியுணவாகத் திவ்விய நற்கருணை வழங்கினார். 14ஆம் திகதி, அறுபத்துநான்காம் வயதில், கைகளைச் சிலுவையாக விரித்தபடி உயிர்விட்டார். எத்தனையோ பேருக்குத் தாம் செய்தது போலவே, மரணாவஸ்தைச் செபங்களைச் சொல்லியபடி அவருடைய சகோதரர்கள் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். 1746இல் 14ஆம் ஆசீர்வாதப்பர் அவரைப் புனிதராக அறிவித்தார். 1886இல் 13ஆம் சிங்கராயர், இறை யோவானோடு அவரையும் நோயாளருக்கும் வைத்தியசாலைகளுக்கும் பாதுகாவலராக ஏற்படுத்தினார். தாதியருக்கும் அவர்கள் இருவரும் பாதுகாவலரானது 1930இல். அவருடைய திருநாள் ஆடி 14.